அச்சுக்கான ஒளிப்பட நிறத்திருத்தமும் கூர்மையாக்கமும்

ஒளிப்படத்தை அது அச்சாகப்போகும் தாளுக்கும் மைக்கும் ஏற்றபடி நிறம் சரிசெய்து, விளிம்புகளைத் தெளிவாக்கும் வேலை இது. ஸ்டுடியோக்களிலும் அச்சகங்களிலும் ‘கலர் கரெக்‌ஷன்’, ‘ஷார்ப்’ என்பார்கள். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளை நம்பியிருக்கிறது. திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சைப் பட்டு அச்சில் சோர்ந்துபோவதற்குக் காரணம், அந்தப் பச்சையை இந்த மைகளால் எட்ட முடியாததே.

மைகளின் குறைபாட்டிலிருந்துதான் இதன் வரலாறு தொடங்குகிறது. மெஜந்தா மை பச்சை ஒளியை மட்டும் விழுங்க வேண்டும். ஆனால் நீல ஒளியிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. இந்த அழுக்கைக் கழிக்க, நெகட்டிவின் மேல் இன்னொரு படலத்தை முகமூடியாக வைக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மனியில் தோன்றியது. கூர்மையாக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேண்டுமென்றே மங்கலாக எடுத்த பிரதியை நெகட்டிவோடு சேர்த்து அச்சிட்டால் விளிம்புகள் எடுப்பாகும் என்பதை விளக்கி, ஆய்வாளர் ஜே. ஏ. சி. யூல் 1944இல் கட்டுரை எழுதினார். இன்றைய மென்பொருளில் உள்ள ‘அன்ஷார்ப் மாஸ்க்’ அந்த இருட்டறை வித்தையின் கணக்கு வடிவமே. இடையில் 1960களில் வந்த ஹெல் நிறுவனத்தின் குரோமாகிராஃப் ஸ்கேனர்கள் இதை மின்னணுச் சுற்றுகளால் செய்தன. போட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. கருவிக்குக் கருவி நிறம் மாறாதிருக்கப் பொது விளக்கக்கோப்பு முறையை வகுக்க, 8 நிறுவனங்கள் 1993இல் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பைத் தொடங்கின.

தமிழ்நாட்டில் திருத்தம் பென்சிலில் பிறந்தது. ஸ்டுடியோக் கலைஞர்கள் நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் தழும்பையும் சுருக்கத்தையும் மறைத்தார்கள்; கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் வண்ணம் ஏற்றினார்கள். பத்திரிகைத் துறையில், 1940இல் வண்ணத்தையும் 1994இல் எழுத்தையும் படத்தையும் ஒன்றிணைக்கும் முழுக் கணினிப் பக்க வடிவமைப்பையும் கொண்டுவந்ததாக ‘தி இந்து’ தன் வரலாற்றில் குறிப்பிடுகிறது.

அந்த நாளிதழின் அச்சகங்களில் ஒன்று தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலை நகரில் இருக்கிறது. அங்கே ஓடும் நாளிதழ்த் தாள்தான் இந்தத் தொழிலின் கடுமையான பரீட்சை. தாள் மையை உறிஞ்சும், படத்தை உருவாக்கும் மைப்புள்ளிகள் பருக்கும். நாளிதழ் அச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 12647-3 தரத்தின்படி 50% புள்ளி ஏறத்தாழ 76% அளவுக்குப் பருத்துத் தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிட வேண்டும். நான்கு மைகளின் கூட்டுத்தொகை 240% அளவைத் தாண்டக் கூடாது. ஆகவே நடுத்தர நிழல்களை வெளுக்கவைத்து, திரையில் முரட்டுத்தனமாகத் தெரியுமளவுக்கு ஷார்ப் கூட்டுவார்கள். மறுநாள் காலை தாளில் அது சரியாக உட்கார்ந்திருக்கும். அதே கோப்பை வழவழப்பான தாளில் ஏற்றினால் முகங்களைச் சுற்றி வெள்ளைக்கோடு விழும். தாளையும் அச்சளவையும் தீர்மானித்த பிறகு, கடைசி வேலையாகவே கூர்மையாக்க வேண்டும் என்ற விதி இதனால் வந்தது.

இப்போது சிறுசேரி, தாம்பரம் வட்டாரத்து ஸ்டுடியோக்களுக்கும் பெரிய வேலை திருமண ஆல்பம்தான். இங்கே பழைய அநீதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிறம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் லேபுகளுக்கு அளித்த ‘ஷெர்லி’ அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோல். அட்டைகள் பின்னர் மாறின. மனம் இன்னும் மாறவில்லை. மாநிறத் தோலுக்குச் சயான் கூடுதலாக வேண்டும். அதை உருவிவிட்டால் முகம் வெளிறி இளஞ்சிவப்பாகும்; மணப்பெண்ணின் கழுத்துக்கும் முகத்துக்கும் உறவே இராது. இதற்குத் திருத்தம் என்ற பெயர் பொருந்தாது. உள்ள நிறத்தைத் தாளில் காப்பாற்றவே இக்கலை பிறந்தது.

ஆல்பம் அச்சிடக் கொடுப்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். முகத்தை வெளுக்க வேண்டாம் என்று ஸ்டுடியோக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழு ஆல்பமும் அச்சாகும் முன் ஒரே ஒரு பக்கத்தை அதே தாளில் எடுத்துத் தரச் சொல்லி, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.