தீவகத்துப் பனங்கள்ளும் சுவையறிவும்

சுவைத்து மதிப்பிடும் கலை மேனாட்டு மதுவுக்கே உரியதன்று. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றி, நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் எனத் தம் ஊர்ப் பெயரிட்ட ஒல்லாந்தர், ஜின்னுக்கு முன்னோடியான ஜெனீவர் மதுவின் நாட்டினர். ஜின் ஜூனிப்பர் கனியால் மணம் பெறும். பனங்கள்ளோ பொழுதாற் சுவை மாறும். முட்டியிற் சுண்ணாம்பு பூசின் இனிய கருப்பநீர். பூசாவிடின் நொதித்துக் கள்ளாகும். இறக்கியவுடன் இனிப்பு மேலோங்கும். நேரம் செல்லச் செல்லப் புளிப்பேறும். பிளாவில் வார்க்குமுன்பே இவ்வேறுபாட்டை அறிபவர் சீவல் தொழிலாளரே.

1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் கள்ளை வரிப்பொருளாகக் கண்டது; 1978 இல் தோன்றிய பனை அபிவிருத்திச் சபை பனையைத் தொழில்வளமாகக் கண்டது. மரமேறியவரின் சுவையறிவோ ஏட்டில் ஏறாது நாவிலேயே தங்கிற்று. ஏறுவோர் அருகிவரும் இந்நாளில், அதனைக் கேட்டெழுதுதல் வரலாற்று மாணவர் கடனாகும்.