‘என் கடை, என் இஷ்டம்’ செல்லுமா? கடைக்குள் சிகரெட் பிடிக்க அனுமதிப்பது யார் கையில்?

டீக்கடைக்குள் ஒருவர் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார். பக்கத்து பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர் முகம் சுளிக்கிறார். கடைக்காரரிடம் சொன்னால், "தினமும் வர்றவரு சார், எப்படி வெளியே போகச் சொல்றது?" என்கிறார்.

சொல்லித்தான் ஆக வேண்டும். கடை தனியாருடையது என்றாலும், மக்கள் வந்து போனால் சட்டத்தின் கண்ணில் அது பொது இடம். 2003-ல் வந்த புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் (கோட்பா) 4-வது பிரிவு அங்கே புகைபிடிக்கத் தடை விதிக்கிறது. 2008 அக்டோபர் 2-ல் அமலுக்கு வந்த விதிகள் காபி கடை, பார், பப், அலுவலகம் என எதையும் விடவில்லை.

ஓனருக்கும் அபராதமா?

ஆமாம். புகைபிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் உரிமையாளர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான அபராதத்தை அவரும் கட்ட வேண்டும். ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் வைக்கவும் கூடாது. பல கடைகளில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டரை நினைத்துப் பாருங்கள்!

விதிவிலக்கு யாருக்கு?

30 அல்லது அதற்கு மேல் அறைகள் உள்ள ஹோட்டல், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகம், விமான நிலையம். இங்கெல்லாம் தனி அறை ஒதுக்கலாம். நான்கு பக்கமும் முழு உயரச் சுவர், தானாக மூடும் கதவு, புகையை நேராக வெளியே தள்ளும் வசதி கட்டாயம். அங்கே சாப்பாடு பரிமாறக் கூடாது. ஓரத்தில் நாலு டேபிளைப் போட்டு 'ஸ்மோக்கிங் ஏரியா' என்று எழுதி வைப்பது செல்லாது.

பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகலாமே?

உரிமையாளர்கள் தரப்பின் முக்கிய வாதம் இது. வாடிக்கையாளர் போய்விடலாம், சரி. டேபிள் துடைக்கும் பையன் எங்கே போவான்? பத்து மணி நேரமும் அடுத்தவர் புகைதான் அவனுக்கு. அயர்லாந்து 2004-ல் பப்களில் தடை போட்டபோதும் ஊழியர் நலனைத்தான் முன்வைத்தது.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. திறந்தவெளி 'பொது இடம்' கணக்கில் வராது. கடை வாசலைத் தாண்டி ரோட்டில் நின்று ஊதினால் புகை உள்ளேதான் வரும். 4-வது பிரிவால் ஒன்றும் செய்ய முடியாது.

உள்ளே என்றால் தயங்காமல் கேளுங்கள். 'புகைபிடிக்கத் தடை' பலகையோடு, புகாரை யாரிடம் சொல்வது என்ற பெயரையும் கடையில் எழுதி வைத்திருக்க வேண்டும்.