களம் கண்ட ஆசிரியர் ரகீம்

விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் வெற்றிக் கோலை அடித்தவரின் பெயரைப் பெரிதாகப் பொறிப்பர். கோட்டுக்கு வெளியே நின்று அவரை உருவாக்கியவரின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோகும். கல்விப் பணிக்கென அமைந்த நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவ்வாறு மறைந்துபோன ஒருவரை நினைவுகூர்தல் பொருத்தமுடையதாகும். அவர் ஐதராபாத்துப் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரகீம்.

ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியாப் பல்கலைக்கழக அணியிலும், பின்னர் உள்ளூர்க் கழகங்களிலும் கால்பந்து ஆடினார். நாடறிந்த ஆட்டக்காரர் என்னும் புகழ் அவருக்கு வாய்க்கவில்லை. பிழைப்புக்கு அவர் மேற்கொண்ட தொழில் ஆசிரியப் பணியே. காச்சிகுடா நடுநிலைப் பள்ளி முதலிய பள்ளிகளில் பாடம் நடத்தினார்; உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். மாணவனின் குறையைக் கண்டறிந்து, அதற்கேற்ற பயிற்சியை வகுத்து, பொறுமையுடன் திருத்தும் ஆசிரிய முறையையே அவர் பந்தாட்டக் களத்திற்கும் கொண்டுசென்றார்.

1950 முதல் ஐதராபாத் நகரக் காவல் அணி அவர் பொறுப்பில் வளர்ந்தது. அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இளையோர்க்கு அவர் நடத்திய போட்டிகள் புதுமையானவை. பந்தைக் காலிலேயே வைத்து உருட்டிச் செல்லாமல் உடனுக்குடன் தோழனுக்குத் தரவேண்டும் என்பது ஒரு போட்டியின் விதி. வலக்கால் பழக்கமுடையவன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்பது மற்றொன்றின் விதி. ஒருவனது வலிமையைப் புகழ்ந்து நிறுத்திவிடாமல் அவனது மெலிவைப் பயிற்றுவிப்பதே நல்லாசிரியன் இலக்கணம் என்பதை இவ்விதிகள் காட்டுகின்றன.

1951இல் புதுதில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், ரகீம் பயிற்றுவித்த இந்திய அணி ஈரானை 1-0 எனத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. மறு ஆண்டே எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவியாவிடம் 10-1 எனப் படுதோல்வி கண்டது. நம்மவருள் பெரும்பாலோர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பின் காலணி கட்டாயமாக்கப்பட்டது. ரகீமோ தோல்வியையும் ஒரு பாடமாகக் கொண்டார். அங்கேரி முதலிய நாடுகளின் ஆட்ட முறைகளை ஆராய்ந்து தம் அணிக்கேற்ப வகுத்துக்கொண்டார். அதன் பயன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் விளங்கியது. ஆத்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதி வரை சென்ற இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் நாம் எய்திய உச்சம் இன்றுவரை அதுவே.

ரகீம் கண்டெடுத்தவர்களுள் துளசிதாஸ் பலராம் நமக்கு நெருக்கமானவர். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பயிற்சிக்கு வந்துபோகக் காசில்லை. வாடகை மிதிவண்டிக்குப் பணம் தந்து வரவழைத்தவர் ரகீம். அச்சிறு தொகையின் பயனை உலகம் 1960 ரோம் ஒலிம்பிக்கில் கண்டது. அங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் இந்தியாவுக்குக் கோலடித்தவர் பலராமே. நோயுற்று இளமையிலேயே ஆட்டத்தை விட்ட அவர், பின்னாளில் வங்கத்தில் இளையோரைப் பயிற்றுவித்தார். 2023இல் மறைந்தார். ஆசிரியர் ஏற்றிய விளக்கு மாணவர் கையிலும் எரிந்தது.

1962இல் சகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சென்றபோது ரகீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தலையில் தையலிட்ட காயத்துடன் இருந்த தற்காப்பு வீரர் சர்னைல் சிங்கை ரகீம் முன்வரிசைக்கு மாற்றினார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென்கொரியா எதிரே நின்றது. அரசியல் காரணங்களால் இந்தியாவின்மீது சினங்கொண்டிருந்த பெருங்கூட்டம் நம் அணியை இகழ்ந்து கூச்சலிட்டது. பி. கே. பானர்ஜியும் சர்னைல் சிங்கும் கோலடிக்க, இலக்கைப் பீட்டர் தங்கராஜ் காக்க, இந்தியா 2-1 என வென்றது. ஆசிய விளையாட்டில் அதன்பின் நமக்குக் கால்பந்துத் தங்கம் கிட்டவில்லை. 1963 சூன் 11ஆம் நாள் ரகீம் காலமானார்.

இவ்வரலாற்றுடன் மற்றொன்றையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குலத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் வீழ்த்திய மாபெரும் பந்துவீச்சாளர். அவரது பந்துவீச்சை வேண்டிய இந்து அணியினர், தேநீரை மட்டும் அவருக்கு வெளியே தனிக் குவளையில் தந்தனர். அணித்தலைமை அவருக்குத் தரப்படவே இல்லை. அவர் தம்பி விட்டல் 1923இல்தான் தலைவரானார். உழைக்கும் கையை ஏற்கும் சமுதாயம், ஆணையிடும் வாயை ஏற்க மறுத்தது என்பதே இதன் பொருள். ஆடுவதற்கு உடல்வலி போதும் என்பர். ஆட்டத்தை வகுப்பதற்கும் வழிநடத்துவதற்கும் அறிவும் பதவியும் வேண்டும். அவ்விரண்டையும் தடுத்து வைத்தலே சாதியின் நுட்பமான வேலை.

1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து உருவான நம் தருமபுரி மாவட்டத்தில், கேழ்வரகும் சாமையும் விளையும் மேட்டு நிலங்களில் ஓடி வளர்ந்த நம் பிள்ளைகளின் கால்களுக்கு வலிமை குறைவில்லை. காலனிப் பிள்ளை களத்தின் ஓரத்தில் நின்று, வெளியே உருண்டு வரும் பந்தை எடுத்துத் தருபவனாகவே இருந்துவிடலாகாது. அவன் களத்தில் ஆடவேண்டும். ஆடி முடித்தபின் உடற்கல்வி பயின்று, விசிலைக் கையிலேந்தி, அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்கவும் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இது முற்றும் பொருந்தும்.

பெரிய ஆட்டக்காரராக விளங்காத ஒரு பள்ளி ஆசிரியர், கற்றலையும் கற்பித்தலையுமே கருவியாகக் கொண்டு ஒரு நாட்டை இருமுறை ஆசியாவின் முதலிடத்தில் நிறுத்தினார். நம் மாணவர் விடுதிகளில் ஆண்டுதோறும் ஓர் உடற்கல்வி ஆசிரியரையேனும் உருவாக்க உறுதி பூணுவோமாயின், இச்சங்கத்தின் பொன்விழா மலரில் எழுதுவதற்கு நம் ஊர்ப் பெயர்களே கிடைக்கும்.