சிறுநகரும் காவலும்: இலங்கையில் ஊராரின் பொறுப்பு பொலிஸ் அமைப்பிடம் கைமாறிய வரலாறு

ஓர் ஊரின் பாதுகாப்பு யாருடைய பொறுப்பு என்னும் வினா பழைமையானது. பொலிஸாரும் பொதுமக்களும் இணைந்து காவற் பணியாற்றல் வேண்டும் என்பது அண்மைக்காலத்திலே தோன்றிய கொள்கையாகப் பலராலும் பேசப்படுகின்றது. ஆயினும், இலங்கையின் நிருவாக வரலாற்றை நோக்கின், ஊராரே ஊரைக் காத்த முறைமை முன்னரே இருந்து, பின்னர் படிப்படியாக மறைந்தமை புலனாகும். அம்முறைமை எத்தகையது, அது மறைந்தமைக்குக் காரணங்கள் யாவை, அதன் இடத்தை நிரப்பிய அமைப்பு மக்களுடன் எத்தகைய உறவைக் கொண்டிருந்தது என்பனவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்தக் காவல் அமைப்பையும் மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் துணைபுரியும். காவல் புரிபவன் ஊரை அறிந்தவனா? அவனுக்கு ஊதியம் அளிப்பவர் யார்? அவன் நெறி தவறின் அவனைத் தட்டிக்கேட்கும் உரிமை யாருக்குண்டு? இலங்கையின் வரலாற்றில் இம்மூன்றுக்கும் ஒருங்கே நல்விடை தந்த நிறுவனம் எதுவும் உருவாகவில்லை. அக்குறை பெருநகரிலும் பார்க்க, நாட்டுப்புறக் கிராமத்திலும் பார்க்க, இரண்டிற்கும் இடைப்பட்ட சிறுநகரிலேயே மிகுதியாக உணரப்பட்டது என்பது இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

நகரக் காவலின் தொடக்கம்

போர்த்துக்கேயரிடமிருந்து 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1659 இல் அந்நகரின் இராக்காவலுக்குக் கூலி பெறும் காவலரை நியமிக்கத் தீர்மானித்தனர். அப்பணிக்குப் போர்வீரர் சிலரே அமர்த்தப்பட்டனர். கோட்டை வாயிலையும் புறக்கோட்டைக்குச் செல்லும் வழியையும் காத்தலே அவர்தம் முதன்மையான கடமையாயிற்று. கோட்டையின் பாதுகாப்பும் வணிகத்தின் பாதுகாப்புமே அக்காவலின் குறிக்கோளாயிருந்தன. நகர மக்கள் அதனாற் பயனடைந்தனராயினும், அவர்களை முன்னிறுத்தி அது தோன்றியதெனக் கூறுதல் பொருந்தாது.

பிரித்தானியர் 1796 இல் ஒல்லாந்தரின் பகுதிகளைக் கைப்பற்றிய பின்னர், நகரக் காவல் பிஸ்கால் எனப்பட்ட அதிகாரியின் பொறுப்பில் விடப்பட்டது. பொலிஸாரின் கடமைகள் 1805 இல் வரையறுக்கப்பட்டன. குற்றந் தடுத்தல் மட்டுமன்றி, மக்களின் பாதுகாப்பு, வசதி, நலன் ஆகியனவும் அவற்றுள் அடங்கின. 1832 இல் கொழும்புக்கென ஒரு பொலிஸ் அமைப்பு நிறுவப்பட்டபோது, அதன் செலவுக்கு நகரத்தாரிடம் வரி அறவிடுவதென முடிவாயிற்று. ஊதியத்துக்கான பணம் நகரத்தாரிடமிருந்து வந்தது. நியமன அதிகாரம் தேசாதிபதியிடம் இருந்தது. வரி செலுத்தியோருக்கு வினவும் உரிமை வழங்கப்படவில்லை.

விதானைமாரின் காலம்

கிராமங்களின் நிலை வேறு. குற்றங்களைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் கிராமந்தோறும் பொலிஸ் விதானைமாரை நியமிக்க 1806 இல் ஓர் ஒழுங்குவிதி ஏற்பட்டது. யாழ்ப்பாணத்தில் மணியகாரர், உடையார், விதானையார் என்றும், மட்டக்களப்பில் வன்னியனார், உடையார், விதானையார் என்றும் படிநிலையில் அமைந்த தலைமைக்காரர் முறைமையுடன் இவ்வேற்பாடு இணைந்தது. களவு, சண்டை, எல்லைத் தகராறு, மாடு பயிர் மேய்தல் முதலியன முதலில் விதானையாரிடமே முறையிடப்பட்டன. அரசாங்க அதிபரின் கச்சேரிக்கும் கிராமத்தவருக்கும் இடையில் நின்றவர் அவரே.

இம்முறைமையின் வலிமை விதானையாரின் அறிவிலே தங்கியிருந்தது. யாருடைய காணி எது, எவ்விரு குடும்பங்களிடையே நெடுநாட்பகை உண்டு, இரவில் எவ்வொழுங்கையால் எவர் செல்வர் என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். இத்தகைய அறிவு இடமாற்றம் பெற்று வரும் ஓர் உத்தியோகத்தருக்குக் கிட்டுதல் அரிது. விதானையாரும் அவ்வூரிலேயே வாழ்ந்து, அவ்வூர்க் கோயிலிலேயே வழிபட்டு, அவ்வூர்ச் சாவீட்டுக்குச் செல்ல வேண்டியவராதலால், பழிக்கு அஞ்சும் இயல்பும் ஓரளவு அவரிடம் இருந்தது.

இதனைக் கொண்டு அம்முறைமையைப் பொற்காலமாகக் காட்டுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தலைமைக்காரர் பதவிகள் நிலமும் குலமும் செல்வாக்கும் உடைய குடும்பங்களிடையே சுழன்றன. யாழ்ப்பாணத்தில் அவை பெரும்பாலும் வேளாளர் கையிலேயே இருந்தன. கீழ்நிலைத் தலைமைக்காரருக்கு முறையான சம்பளம் இல்லாமையால், கையுறைகளும் இலவச ஊழியமும் அவர்தம் வருவாயாயின. ஒடுக்கப்பட்ட சாதியினரின் நோக்கில், விதானையார் ஊரின் காவலர் என்பதிலும் பார்க்க, ஊரின் அதிகாரத்தைக் காத்தவர் என்பதே பொருத்தமாகும். ஊரை அறிதல் என்பது ஊரிலுள்ள அனைவருக்கும் பொறுப்புக் கூறுதல் ஆகிவிடாது என்னும் பாடத்தை இம்முறைமை நமக்குத் தருகின்றது.

1865 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விளைவும்

1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்றைய அமைப்புக்கு அடிகோலியது. 1866 இல் ஜி. டபிள்யூ. ஆர். கம்பல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1867 இல் பொலிஸ் மாஅதிபர் என்னும் பதவிப் பெயர் வழக்கிற்கு வந்தது. கம்பல் அதற்கு முன்னர் இந்தியாவில் இரத்தினகிரிப் பகுதியிலே படைசார்ந்த காவற்பிரிவொன்றை நடத்தியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1829 இல் இலண்டனில் ரொபேர்ட் பீலின் முயற்சியால் உருவான பொலிஸ், மக்களின் இசைவை நாடித் தன்னைப் படையினின்றும் வேறுபடுத்திக் காட்ட முயன்றது. நீல உடையணிந்த அதன் காவலர் பொதுவாக ஆயுதமின்றி வீதிகளில் உலாவினர். குடியேற்ற நாடுகளிலோ அயர்லாந்தில் வளர்ந்த மாதிரியே பெரிதும் பின்பற்றப்பட்டது. பாசறை வாழ்க்கை, ஆயுதப் பயிற்சி, ஊரவரல்லாதாரைப் பணிக்கமர்த்தல், தலைநகரிலிருந்து வரும் கட்டளை ஆகியன அம்மாதிரியின் கூறுகளாகும். இலங்கைப் பொலிஸும் இம்மரபையே பெருமளவில் தழுவியது. குழப்பம் விளைந்த இடத்தில் மேலதிகப் பொலிஸாரை நிறுத்தி, அச்செலவை அவ்விடத்து மக்களிடமே அறவிடுவதற்கும் சட்டம் இடமளித்தது. காவலுக்குப் பணங்கொடுத்தல் மக்களின் உரிமைக்கு அடிப்படையாகாமல், அவர்களுக்கான தண்டனையாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

1913 முதல் 1937 வரை மாஅதிபராக விளங்கிய ஹேர்பேர்ட் டவுபிகின் காலத்தில் பொலிஸ் நிருவாகம் கட்டுக்கோப்பும் விரிவும் பெற்றது. 1930 இல் பாலஸ்தீனத்துப் பொலிஸைச் சீரமைப்பதற்கு ஆலோசனை கூற அவரே அழைக்கப்பட்டமை, இலங்கையின் அமைப்பு பேரரசு நிருவாகத்தாரிடையே பெற்ற மதிப்பைக் காட்டும். அம்மதிப்பு ஒழுங்கு பற்றியது; மக்களின் நம்பிக்கை பற்றியதன்று.

இடைநின்ற சிறுநகர்

1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்து யாழ்ப்பாணம் கொழும்புடன் இணைக்கப்பட்டது. சுன்னாகம், சாவகச்சேரி போன்ற இடங்கள் சந்தையும் புகையிரத நிலையமும் கொண்ட சிறுநகர்களாக வளர்ந்தன. கொழும்பின் தெற்கே தெகிவளை, கல்கிசை ஆகியன தலைநகரின் புறநகர்களாகப் பெருகின. விதானையாரின் அறிவு எல்லாரும் எல்லாரையும் அறிந்த சமூகத்துக்கே உரியது. சந்தைக்கு வந்து போகும் வணிகனையும், வாடகை வீட்டிற் குடியேறிய எழுதுவினைஞனையும், இரவுப் புகையிரதத்தில் இறங்கும் அயலானையும் அவ்வறிவு தழுவவில்லை.

இச்சிறுநகர்களுக்கு உள்ளூராட்சி வாய்த்தது. 1892 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சிறுநகர்ச் சுகாதாரச் சபைகளும், 1939 ஆம் ஆண்டின் நகரசபைச் சட்டமும், 1946 ஆம் ஆண்டின் பட்டினசபைச் சட்டமும் தெரு, வடிகால், சந்தை, விளக்கு ஆகியவற்றை உள்ளூர்ச் சபைகளின் பொறுப்பாக்கின. இவையும் பாதுகாப்பின் கூறுகளே. விளக்கில்லாத சந்தியும் மூடப்படாத கிணறும் கள்வனுக்குக் குறையாத தீங்கை விளைப்பன. எனினும் பொலிஸ் நிலையத்தின் பணிகள் குறித்து வினவும் அதிகாரம் எச்சபைக்கும் அளிக்கப்படவில்லை. சந்தியில் விளக்கேற்றுவது சபையின் கடமை; அவ்விளக்கின் கீழ் நிகழ்வதைக் கேட்பது அதன் கடமையன்று என்றவாறு பொறுப்புப் பிளவுண்டது.

இதற்கிடையே தலைமைக்காரர் முறைமையும் நலிந்தது. 1930களின் பிற்பகுதியிலிருந்து மணியகாரர் முதலிய உயர்நிலைத் தலைமைக்காரரின் இடத்திற்குக் காரியாதிகாரிகள் வந்தனர். 1963 இல் கிராமத் தலைமைக்காரர் பதவியும் ஒழிந்து, கிராம சேவகர் பதவி ஏற்பட்டது. போட்டித் தேர்வினால் தெரிவாகிச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் குல ஆதிக்கத்துக்குப் பதிலாக வந்தமை முன்னேற்றமே. ஆனால் ஊர்ச் சச்சரவு முதிர்ந்து குற்றமாகுமுன் தீர்க்கும் வேலை ஆளற்றுப்போயிற்று. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இணக்கசபைகள் இவ்விடைவெளியை நிரப்ப முற்பட்டன. அரசியற் சார்பான நியமனங்களால் அவை நம்பிக்கையிழந்து 1970களின் இறுதியில் மறைந்தன. 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மத்தியஸ்த சபைகள் அப்பணியைத் திரும்பவும் தொடங்கின.

மொழியும் நம்பிக்கையும்

சுதந்திரத்தை அண்டி, 1947 இல் முதல் இலங்கையரான மாஅதிபராகப் பதவியேற்ற ரிச்சர்ட் அலுவிகார, பொலிஸ் என்பது படை அன்று, சேவை என்னும் நோக்கை வளர்க்க முயன்றார். பெண் பொலிஸாரும் அவர் காலத்திலேயே சேர்க்கப்பட்டனர். இம்முயற்சி நிலைபெற்றிருப்பின் வரலாறு வேறாக அமைந்திருக்கலாம்.

1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர், தமிழ்ப் பகுதிகளில் காவல் புரிவோருக்கும் காக்கப்படுவோருக்கும் இடையில் மொழியே சுவராயிற்று. முறைப்பாட்டைத் தன் மொழியில் எழுத இயலாதவன் தன் குறையை முழுமையாகக் கூறுதல் இயலாது. 1974 ஜனவரி 10 ஆம் நாள், யாழ்ப்பாணத்தில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவுக் கூட்டத்திற் பொலிஸார் தலையிட்டதைத் தொடர்ந்து உயிரிழப்புகள் நேர்ந்தன. ஓய்வுபெற்ற நீதியரசர் ஓ. எல். டி கிரெட்சர் தலைமையிற் குடிமக்கள் அமைத்த விசாரணைக்குழு பொலிஸாரின் செயலைக் கண்டித்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, நகரிலே குவிக்கப்பட்டிருந்த பொலிஸார் மீதே மக்கள் குற்றஞ் சாட்டினர். காவலரிடமிருந்து காவல் வேண்டிய நிலை அவ்விரவில் வெளிப்பட்டது.

ஊரவரைப் பங்காளராக்குதல் தன்னளவில் நன்மை பயக்கும் எனக் கொள்வதும் தவறாகும். 1980களிலே ஊர்காவற்படை என்னும் பெயரிற் குடிமக்களிடம் ஆயுதம் அளிக்கப்பட்டபோது, ஒரு சமூகத்தின் காப்பு அயற்சமூகத்தின் அச்சமாயிற்று. விதானையார் காலத்தில் குலத்தின் வழி நிகழ்ந்தது, இங்கு இனத்தின் வழி நிகழ்ந்தது எனலாம்.

முடிவுரை

1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாணப் பொலிஸ் பிரிவுகளுக்கு இடமளித்தது, அப்பகுதி செயற்படுத்தப்படவில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல், பொலிஸ் நிலையங்களில் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருபத்துநான்கு மணிநேரமும் இருத்தல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அரசிடம் கேட்கப்படுவது, காவலர் ஊரின் மொழியை அறிந்திருக்க வேண்டும் என்னும் அடிப்படைத் தேவையே என்பது சிந்தித்தற்குரியது.

விதானையார் ஊரை அறிந்திருந்தார். ஊரார் அனைவர்க்கும் பொறுப்புக் கூறவில்லை. நகரப் பொலிஸார் மக்கள் பணத்திற் சம்பளம் பெற்றனர். மக்கள் கேள்விக்கு ஆளாகவில்லை. உள்ளூர்ச் சபைகள் மக்களாலே தெரிவாயின. காவல் பற்றிப் பேச அவற்றுக்கு அதிகாரமில்லை. இம்மூன்றையும் ஒன்றிணைப்பதற்கு ஏற்ற களம் சிறுநகரே. அங்கு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியை மக்கள் முகமறிந்து பேசலாம். சபை உறுப்பினரைச் சந்தையிலே மறித்துக் கேட்கலாம். ஆயின், கூட்டத்திற்கு அழைக்கப்படுவோர் வணிகரும் கோயில் முகாமையாளரும் மட்டுமாயின், பழைய விதானைமுறையே புதுப்பெயரில் மீளும். கடற்றொழிலாளியும் கூலியாளும் இரவு வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்ணும் தம் மொழியில் எழுந்து வினவவும், அவ்வினாவுக்கு அதிகாரி விடைகூறக் கடமைப்படவும் வேண்டும். அந்நிலை எய்தும்வரை நம் சிறுநகர்களிற் பொலிஸ் நிலையம் இருக்கும். காவல் இருக்கும் எனக் கூறல் இயலாது.