போடன் கம்பி: மிதிவண்டித் தடையின் வரலாறு

சைக்கிள் கடைக்குச் சென்று "பிரேக் கேபிள்" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் எடுத்துத் தருவன இரண்டு: மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கம்பி ஒன்று, அக்கம்பி ஊடே ஓடுவதற்குரிய கருநிறக் குழல் ஒன்று. விலை சில வெள்ளிதான். ஆயினும், மேட்டிலிருந்து இறங்கும் வண்டியையும் அதன்மேல் அமர்ந்த ஆளையும் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் இவ்விரண்டின் மீதே இருக்கிறது. இவ்வமைப்புக்கு மேனாட்டுத் தொழிலாளர் வழங்கும் பெயர் போடன் கம்பி என்பது. அந்தப் போடன் யார் என்பதில் நெடுங்காலம் ஒரு மயக்கம் நிலவிற்று. பெயர் ஒருவருடையதாகவும் புகழ் மற்றொருவருடையதாகவும் போன கதை அது.

மிதிவண்டியின் முன்னோடி, ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1817ஆம் ஆண்டு கார்ல் வான் டிரைஸ் என்பார் ஓட்டிக்காட்டிய மரவண்டியாகும். அதற்கு மிதிகட்டை இல்லை. தரையைக் காலால் உந்தியே செலுத்தவேண்டும். உந்திய காலே ஊன்றி நிறுத்தவும் பயன்பட்டது. 1860களில் பாரிஸ் நகரத்து மிஷோ பட்டறையிலிருந்து மிதிகட்டையுள்ள வண்டிகள் வெளிவந்தபோது கால் தரையைவிட்டு எழுந்தது. அன்றே தடை ஒரு தனி உறுப்பாக வேண்டியதாயிற்று. மிஷோ வண்டியில் கைப்பிடித் தண்டை முறுக்கினால் ஒரு கயிறு சுருண்டு, பின்சக்கரத்தின்மேல் ஒரு கட்டையை அழுத்தும். கையின் விசையைக் கயிற்றின்வழிச் சக்கரத்திற்கு அனுப்பும் எண்ணம் அங்கேயே தோன்றிவிட்டது என்பது நோக்கத்தக்கது.

அடுத்து வந்தது முன்சக்கரம் ஆளுயரத்தை எட்டிய உயர்வண்டி. இதற்குக் கரண்டி போன்ற ஓர் இரும்புத் தகட்டை முன்சக்கரத்தின் உச்சியில் அழுத்துவதே தடை. அதனைச் சற்று வலிந்து பிடித்தால் வண்டி நிற்கும். ஓட்டுபவர் நிற்கமாட்டார், தலைகுப்புறக் கீழே விழுவார். ஆகவே தேர்ந்தவர்கள் தடையை நம்பாமல் மிதிகட்டையைப் பின்னோக்கி எதிர்த்து மிதித்தே வேகத்தைக் குறைத்தனர். 1885இல் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் 'ரோவர்' வண்டியைக் கொணர்ந்தபின் விழும் அச்சம் குறைந்தது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ஓட்டம் மென்மையாயிற்று. ஆனால் தடைக்குப் புதிய தொல்லை ஒன்று வந்து சேர்ந்தது: விலையுயர்ந்த அந்த டயரின்மேல் இரும்புக் கரண்டியைத் தேய்த்தால் டயர் என்ன ஆகும்?

இவ்விடத்தில்தான் எர்னஸ்ட் மானிங்டன் போடன் வருகிறார். 1860இல் பிறந்த அயர்லாந்துக்காரர், இலண்டனில் வாழ்ந்தவர். 1896ஆம் ஆண்டுக்குரிய 25,325 எண்ணுள்ள ஆங்கிலக் காப்புரிமை அவருடையது. 1898இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கைப்பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் கம்பி இழுபட்டு, பின்சக்கரத்தின் இரும்பு விளிம்பில் இரப்பர்க் கட்டைகளைப் பதிக்கும். டயர் தப்பியது. ஆயினும் அவர் கண்டுபிடிப்பின் அருமை கட்டையில் இல்லை, குழலில் இருக்கிறது.

குழல் என்பது கம்பி நனையாமலிருக்க இட்ட உறை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. வில்லை நினைத்துப் பார்த்தால் விளங்கும். நாண் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு வில்தண்டு எதிர்த்துத் தாங்கவேண்டும்; தண்டு தளர்ந்தால் நாணில் விறைப்பு இராது. போடன் அமைப்பில் உட்கம்பி நாண், வெளிக்குழல் வில்தண்டு. கம்பி இழுக்கும் அதே விசையோடு குழல் இரு முனைகளையும் தள்ளி நிற்கிறது. நெருக்கமாகச் சுற்றிய எஃகுச் சுருளாலான அக்குழல் எப்படி வளைந்தாலும் அதன் நீளம் பெரிதும் மாறாது. எனவே கப்பி இல்லாமலும் மூட்டு இல்லாமலும், திரும்புகின்ற கைப்பிடியிலிருந்து விசையை வேண்டிய இடத்துக்கு வளைத்துக் கொண்டுசெல்ல முடிகிறது. மிஷோவின் கயிற்றால் இது இயலாது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச், நிழற்படக் கருவியின் விசைக்கம்பி, கையிழந்தோர் அணியும் செயற்கைக் கை முதலியவற்றிலெல்லாம் இதே கம்பி பின்னர்ப் புகுந்தது இவ்வெளிமையினால்தான்.

தொடக்கத்தில் வரவேற்பு இருந்தும் வணிகம் செழிக்கவில்லை. விற்பனைக்கு நல்ல ஏற்பாடு இல்லை. பொருத்தத் தெரியாதவர்கள் தவறாகப் பொருத்திவிட்டுப் பத்திரிகைகளில் குறைகூறினர். அன்றியும், அக்கால வண்டிகளில் சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழன்றுகொண்டே இருந்தமையால், காலால் எதிர்த்து மிதித்தே பலர் சமாளித்தனர். 1899 முதல் 1901 வரையிலான காலத்தில் ஃபிரீவீல் பரவியது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானே ஓடும் வசதி வந்ததும், காலுக்கு இருந்த தடுக்கும் ஆற்றல் போயிற்று. கைத்தடை இன்றியமையாததாயிற்று. ஜெர்மனியிலோ மாற்றுவழி ஒன்று வேர்விட்டது: 1903இல் எர்ன்ஸ்ட் சாக்ஸ் வெளியிட்ட 'டார்ப்பிடோ' குடத்தில், மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் உள்ளிருந்தே தடை பிடிக்கும், கம்பியே வேண்டா.

1900 ஜனவரியில் நாட்டிங்ஹாம் நகரத்து ராலே நிறுவனம் போடனிடம் உரிமம் பெற்றது. அந்நிறுவனத்தை 1888இல் நிறுவியவர் பெயரும் போடன்தான், பிராங்க் போடன். இருவரும் ஒருவரல்லர். பிராங்க் போடனோ பெரும்புள்ளி; 1915இல் பாரனெட் பட்டம் பெற்றவர். எர்னஸ்ட் போடன் 1904 ஏப்ரலில் காலமானார். கம்பி உலகெங்கும் ஓடியது. அதன் பெயரைக் கேட்டவர்கள், ராலே முதலாளியின் பெயர்தானே என்று எளிதாக முடிவுகட்டிவிட்டனர். பிராங்க் போடனே அதனைக் கண்டுபிடித்தார் என்று எழுதியவர்களும் உண்டு. அதற்குச் சான்று ஏதும் இல்லை. காப்புரிமை ஏடு எர்னஸ்டின் பெயரைத்தான் சொல்கிறது. வரலாற்றில் ஒத்த பெயர்கள் செய்யும் குழப்பம் தமிழாசிரியர்களுக்குப் புதிதன்று. ஔவையார் எத்தனை பேர் என்று வகுப்பில் விளக்கிக் களைத்தவர்கள் அவர்கள்.

இங்கு ஒரு வேடிக்கை. போடன் கம்பிக்கு உரிமம் பெற்ற ராலே போன்ற பிரித்தானிய நிறுவனங்கள் மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பிய கனத்த கருநிற வண்டிகளில் பெரும்பாலும் இருந்தது கம்பித்தடை அன்று, தண்டுத்தடை. கைப்பிடியின் கீழிருந்து இரும்புத் தண்டுகள் இறங்கி, லாடம் போன்ற வளையத்தை மேலிழுத்துச் சக்கர விளிம்பின் உட்புறத்தைப் பற்றும். மரம் சீவுவோர் பால் வாளிகளைக் கட்டிச் சென்ற வண்டிகளும், ஆசிரியர்கள் தோட்டப் பள்ளிகளுக்கு ஏறிச் சென்ற வண்டிகளும் பெரும்பாலும் இத்தகையனவே. தண்டு துருவேறினாலும் எளிதில் அறாது. கழன்றால் ஒரு திருகாணியில் சரியாகும். ஆனால் இரும்பு விளிம்பு மழையில் நனைந்துவிட்டால் தடை வெகுவாகக் குறையும். மழைநாளில் வண்டியைவிட்டு இறங்கித் தள்ளிச் சென்ற பெரியவர்களைக் கோழைகள் என்று கூறலாகாது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கி, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, ஆயிரக்கணக்கான மிதிவண்டிகளில் தீபகற்பத்தின் நெடுக வந்ததைப் பலரும் அறிவர். போருக்குமுன் ஜப்பானிய வண்டிகள் மலாயாவில் விற்பனையாகியிருந்தமையால் உதிரி உறுப்புகள் வழிநெடுகக் கிடைத்தன என்றும், வெயிலில் டயர் வெடித்தபோது வெறும் விளிம்பிலேயே ஓட்டிச் சென்றனர் என்றும் அப்படையின் அதிகாரி சுஜி மசானோபு போருக்குப்பின் எழுதியுள்ளார்.

கனத்த வண்டிகள் அருகி, அலுமினிய விளிம்புள்ள இலகுவான வண்டிகள் பெருகியபின் போடன் கம்பியே எங்கும் பரவியது. 1996இல் ஷிமானோ நிறுவனம் 'வி-பிரேக்' என்பதைக் கொணர்ந்தபோதும் பற்றும் கைகள்தாம் மாறின, கம்பி மாறவில்லை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வட்டுத்தடை இன்று பல வண்டிகளில் வந்துவிட்டது; எனினும் பள்ளிச் சிறுவரின் வண்டிகளில் இன்றும் பெரும்பாலும் கம்பியே ஓடுகிறது.

அச்சிறுவருள் சிலர் அதனைக் கழற்றி எறிந்ததும் உண்டு. கைப்பிடியைத் தாழ்த்தி, தடையை நீக்கி, வண்டியின்மேல் குப்புறப் படுத்து இறக்கத்தில் பாயும் 'பாசிக்கால் லாஜாக்' என்னும் மோகம் மலேசிய நகரங்களில் பரவியது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை, ஜொகூர் பாருவில் அத்தகைய வண்டிகளோடு சாலையிலிருந்த பதின்வயதினர் எண்மர் கார் மோதி மாண்டனர். வழக்கும் வாதமும் ஆண்டுக்கணக்கில் நீண்டன. எண்பது ஆண்டு தேடிக் கண்ட ஓர் உறுப்பைக் கழற்ற எண்பது நொடி போதும்.

கழற்றுவது எளிது, முறையாகப் பூட்டுவதும் அரிதன்று. கம்பி பெரும்பாலும் அறுவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அன்று. நெம்புகோலுக்குள் ஈயக்குமிழ் அமர்ந்திருக்கும் இடத்தில்தான். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் வளைவது அவ்விடமே. நெம்புகோலை முழுதும் அழுத்தி உள்ளே பார்க்கவேண்டும். ஓர் இழை பிரிந்திருந்தாலும் கம்பியை மாற்றுவதே தக்கது. அறுந்ததை முடிபோட்டு ஓட்டுவது கூடவே கூடாது. குமிழில் இருவகை உண்டு: நேரான கைப்பிடிக்கு உருளை வடிவம், வளைந்த பந்தயக் கைப்பிடிக்குப் பேரிக்காய் வடிவம். சில கம்பிகளின் இருமுனையிலும் ஒவ்வொன்று இருக்கும். வேண்டாததை வெட்டிவிட வேண்டும்.

குழலில்தான் பெரும்பிழை நேர்கிறது. கியருக்குரிய குழலும் பார்வைக்குத் தடைக்குழல் போன்றதே. ஆனால் அதனுள் எஃகு இழைகள் சுருளாக இல்லாமல் நீளவாக்கில் கிடக்கின்றன, அவற்றைக் கட்டிவைத்திருப்பது பிளாஸ்டிக் மட்டுமே. தடையின் பெருவிசை பட்டால் அது பிளந்து இழைகள் வெளியே பாயும். அந்நொடியே தடை இல்லாது போகும். எனவே கடையில் 'பிரேக் குழல்' என்று தெளிவாகக் கேட்டு வாங்கவேண்டும். அதனைப் பழைய குழலின் நீளத்துக்கே வெட்டி, முனையை அரத்தால் சமமாக்கி, நசுங்கிய உள்துளையை ஓர் ஆணியால் விரித்துவிட வேண்டும். முனை சாய்ந்திருந்தால் அழுத்தும்போது குழல் நெளியும். விசையில் ஒரு பகுதி அங்கேயே வீணாகும்.

பழைய கம்பியை உருவும்போதே அது எவ்வழி சென்றது என்று குறித்துக்கொள்வது நன்று. சரிசெய்யும் திருகை முழுதும் உள்ளே திருகி, பிறகு ஒரு சுற்று வெளியே எடுத்துவைக்க வேண்டும். குமிழை நெம்புகோலில் அமர்த்தி, கம்பியைக் குழலின் ஊடே செலுத்தி, முனைக்குப்பிகளைப் பொருத்தி, பிரேக் கட்டைகளை விளிம்போடு ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி கம்பியை இழுத்து ஆணியை முடுக்குவது முறை. கட்டை விளிம்பில் படவேண்டும். டயரில் உராயவும் கூடாது, விளிம்புக்குக் கீழே நழுவவும் கூடாது.

இதன்பின் நெம்புகோலைப் பத்துப் பதினைந்து முறை முழு வலிவோடு அழுத்தவேண்டும். பலர் இதை விட்டுவிடுகின்றனர். புதுக்கம்பி தளர்ந்ததாகத் தோன்றுவது பெரும்பாலும் கம்பி நீண்டதால் அன்று. குழலின் முனைகள் தத்தம் இடத்தில் அமர்வதால்தான். தளர்ந்த அளவை மீண்டும் இழுத்து முடுக்கினால் கட்டைக்கும் விளிம்புக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் நிற்கும். நெம்புகோல் எவ்வளவு அழுத்தினாலும் கைப்பிடியைத் தொடலாகாது. கைப்பிடியை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்க்கையில் தடை தானாகப் பிடித்தால் குழல் குட்டை என்று பொருள். எஞ்சிய கம்பியை மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, முனையில் சிறு மூடியை நசுக்கிவிட்டால் இழை பிரியாது. குழந்தைகளின் விரலிலும் குத்தாது.

முதற்சோதனை வண்டிமேல் ஏறாமலே நடக்கவேண்டும். தள்ளிக்கொண்டு நடந்து, முன்தடையைப் பிடித்தால் பின்சக்கரம் சற்று எழவேண்டும். பின்தடையைப் பிடித்தால் பின்சக்கரம் உருளாமல் இழுபடவேண்டும். பிறகு போக்குவரத்து இல்லாத சமதரையில் மெல்ல ஓட்டிப் பார்க்கலாம். ஒரு வாரம் சென்றபின் முடுக்கிய ஆணியை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கம்.