நெய்வேலிச் சக்கரத்தின் பற்கள்

நெய்வேலி என்றதும் வெளியூர்க்காரர்கள் விசாரிப்பது அந்த ராட்சதச் சக்கர இயந்திரத்தைத்தான். 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது.

அதற்கு மேலே சுமார் 50 மீட்டருக்கு மண்ணும் மணற்பாறையும். கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் புகும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகளில் இரவுபகலாக பம்புகள் ஓடின.

மேல்மண்ணை வெட்ட புல்டோசரும் ஸ்கிரேப்பரும் போதவில்லை. மேற்கு ஜெர்மனியிலிருந்து வாளிச் சக்கர இயந்திரங்கள் வந்தன. அவர்கள் ஊரில் அவை வெட்டியது பெரும்பாலும் மென்மண். இங்கே கடலூர் மணற்பாறை எஃகுப் பற்களை அரைத்துத் தேய்த்துவிட்டது. அதற்காக இயந்திரத்தைக் கைவிடவில்லை. துளையிட்டு, வெடி வைத்து, பாறையைத் தளர்த்திக் கொடுத்தார்கள். கெட்டியான அடுக்குகளில் வெடிக்குப் பிறகுதான் சக்கரம்!