விண்ணேறும் மருந்தும் மண்ணில் நிற்கும் மனிதரும்

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் சாலையில் உள்ளது ஆமத்தூர். மழை குறைந்த வறண்ட பூமி. வானம் பொய்த்த ஆண்டுகளில் இவ்வட்டார மக்களுக்குச் சோறு போட்டவை தீப்பெட்டியும் பட்டாசுமே. 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் இட்ட வித்து, பின்னர் பட்டாசுத் தொழிலாகவும் கிளைத்தது. உழவனுக்குப் பகையான வறட்சி, மருந்து காய்வதற்கு உற்ற துணையாயிற்று.

தீபாவளி இரவில் நம் பிள்ளைகள் புட்டியில் நிறுத்திப் பற்றவைக்கும் இராக்கெட் இப்பகுதியின் கைவண்ணம். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை அடுத்துத் தரையிறங்கியபோது, அதே பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் கைதட்டி மகிழ்ந்தனர். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதில் நமக்குத் தனிப் பெருமை. ஆயினும் புட்டியில் நின்ற இராக்கெட்டும் நிலவுக்குச் சென்ற இராக்கெட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் குடும்பத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகிய மூன்றும் சேர்ந்த கருமருந்து சீனத்தில் பிறந்தது. மருந்து எரிந்து வாயு பின்னோக்கிப் பாய, குழாய் முன்னோக்கிப் பாய்கிறது. நியூட்டன் 1687இல் விதியாக எழுதி வைத்த இவ்வுண்மையை, விதி தெரியாமலே கைவினைஞர்கள் பயன்படுத்தி வந்தனர். மைசூர் ஆண்ட ஐதர் அலியும் திப்பு சுல்தானும் மருந்தை இரும்புக் குழாயில் அடைத்தனர். இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியதால் இராக்கெட் நெடுந்தொலைவு பாய்ந்தது. 1780இல் காஞ்சிபுரத்திற்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படை இவற்றின் தாக்குதலைச் சந்தித்தது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின், இந்த இராக்கெட்டுகள் இங்கிலாந்தின் உல்விச்சுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் ஆங்கிலேயருக்குப் புதிய இராக்கெட்டுகளைச் செய்தார். ஆக, இந்த அறிவின் முதற்பயன் போரும் அழிவும்தான். ஆய்வுக்காக வானேறும் இராக்கெட்டை நம் நாடு காண, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்திய விண்வெளி ஆய்வுக் குழு 1962இல் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கிய விக்ரம் சாராபாய், இராக்கெட் ஏவுவதற்குத் தகுந்த இடத்தைத் தேடி வந்து சேர்ந்தது திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில். புவியின் காந்த நடுக்கோடு அக்கடற்கரையை ஒட்டிச் செல்கிறது. அக்கோட்டிற்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. அதை ஆராய உலகிலேயே வாய்ப்பான சில இடங்களுள் தும்பா ஒன்று. ஆனால் அது வெற்றிடமன்று. பள்ளித்துறை மீனவ மக்களின் வீடுகளும், அவர்கள் வழிபட்ட புனித மகதலா மரியா ஆலயமும் அங்கே இருந்தன.

சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைச் சந்தித்தார். ஆயர் உடனே இசைவு தரவுமில்லை, மறுக்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்கு வருமாறு சாராபாயை அழைத்தார். அன்று மக்கள் முன்னிலையில், அறிவியலும் ஆன்மிகமும் மனிதரின் நலத்தையே நாடுகின்றன என்பதை விளக்கி, ஆலயத்தையும் குடியிருப்பையும் இப்பணிக்குத் தரலாமா என்று கேட்டார். மக்கள் இசைந்தனர். இந்நிகழ்ச்சியை அப்துல் கலாம் தம் வாழ்நாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். மக்களுக்கு வேறிடத்தில் குடியிருப்பும் ஆலயமும் எழுந்தன. பழைய ஆலயம் அலுவலகமாயிற்று. ஆயர் இல்லம் பணிமனையாயிற்று. மாட்டுக் கொட்டில் ஆய்வுக்கூடமாயிற்று. இராக்கெட்டின் உறுப்புகள் மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லப்பட்டன. 1963 நவம்பர் 21 அன்று மாலை, அமெரிக்கா தந்த நைக்-அப்பாச்சி இராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உயரம் வரை சென்ற அது, சோடிய ஆவியை வெளியிட்டு, அந்தி வானில் செந்நிற மேகத்தை விரித்தது. அந்த ஆலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

பாரத விண்வெளி வரலாற்றின் முதல் பக்கத்தில் ஏழை மீனவரிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி இருக்கிறது. அரசு நினைத்திருந்தால் அளந்து கல் நட்டிருக்கலாம். ஆயர் நினைத்திருந்தால் தாமே கையொப்பமிட்டிருக்கலாம். விலகிச் செல்ல வேண்டியவர் யாரோ அவரிடமே முதலில் கேட்பது என்னும் முறை அங்கே பின்பற்றப்பட்டது. கடலை நம்பி வாழ்கிறவன் கரையை விட்டுக்கொடுப்பது எளிதன்று என்பதை, முத்துக்குளித்துறையின் மக்களாகிய நம் உறவினர் நன்கறிவர்.

அதன்பின் வளர்ச்சி வேகமாயிற்று. 1967இல் இந்தியாவிலேயே செய்த ரோகிணி-75 தும்பாவிலிருந்து பறந்தது. 1971 முதல் ஸ்ரீஹரிகோட்டா இயங்கியது. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 நம் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் திரவ எரிபொருள் எஞ்சின்களும் கடுங்குளிர் எரிபொருள் எஞ்சின்களும் சோதிக்கப்படுகின்றன. சந்திரயான்-3ஐச் சுமந்த ஏவுகலத்தின் இருபுறமும் இருந்த பெரும் உருளைகள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 200 டன் திட எரிபொருள் இருந்தது. நிலவில் இறங்கிய கலத்திற்கு விக்ரம் என்று பெயர். தும்பா மக்களின் முன் நின்றவரின் பெயர் அது.

இந்தத் திட எரிபொருள்தான் நம்மை மீண்டும் ஆமத்தூருக்கு அழைத்து வருகிறது. அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், இரப்பர் போன்ற பிணைப்புப் பொருள் ஆகியவை சேர்ந்தது அது. பட்டாசு அறையிலும் அலுமினியத் தூள் உண்டு. உயிர்வாயுவைத் தரும் உப்பும் உண்டு. இரண்டு இடங்களிலும் பகை ஒன்றே: உராய்வு, வெப்பம், ஒரு சிறு பொறி. பிரேசில் நாட்டின் அல்காந்தரா ஏவுதளத்தில் 2003 ஆகஸ்டில் திட எரிபொருள் இராக்கெட் எதிர்பாராமல் பற்றிக்கொண்டதில் 21 பேர் மாண்டனர். ஸ்ரீஹரிகோட்டாவிலும் 2004 பிப்ரவரி 23 அன்று திட எரிபொருள் ஆலையில் நேர்ந்த விபத்தில் ஆறு பேர் உயிரிழந்தனர். மெத்தப் படித்தவர்களின் கூடத்திலும் நெருப்பு இரக்கம் காட்டுவதில்லை.

எனவே விண்வெளித்துறை ஒரு பாடத்தைக் கற்றது. மருந்து கலக்கும் இடத்தில் மனிதன் நிற்கக் கூடாது என்பதே அப்பாடம். பெரிய கலவை இயந்திரங்கள் தனிக் கட்டடத்தில் சுழல்கின்றன. அவற்றை இயக்குவோர் தொலைவில், தடுப்புச் சுவருக்கு அப்பால் அமர்ந்து திரையில் பார்க்கின்றனர். நம் பட்டாசு வட்டாரத்திலோ மருந்துக் கலவையும் மருந்து செலுத்துதலும் பெரும்பாலும் கையால் நடக்கின்றன. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கு அறை இவ்வளவு இடைவெளி என்று சட்டம் வகுத்திருக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க அந்த எல்லைகள் மீறப்படுவதையும், மர நிழலில் மருந்து பரப்பப்படுவதையும், உரிமம் பெற்ற ஆலை பலருக்கு உள்குத்தகையாகப் பிரிவதையும் விபத்துக்குப் பின்வரும் ஒவ்வொரு விசாரணையும் சொல்லி வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவரல்லர். உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்ற அக்கம் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். பிறருக்காக உயிர் கொடுத்தலைவிட மேலான அன்பு உண்டோ என்று நாம் மறையுரைகளில் கேட்கிறோம். அவர்களுக்கு மறையுரை தேவைப்படவில்லை.

இவ்வேறுபாட்டிற்கு அறிவுப் பற்றாக்குறை காரணமன்று. இயந்திரக் கலவையும் தொலை இயக்கமும் நம் நாட்டிலேயே, நம் பொறியாளர் கையிலேயே இருக்கின்றன. ஓர் ஏவுகலத்தின் விலை கோடிகளில் கணக்கிடப்படுகிறது. ஆதலால் அதற்குக் காவலும் கோடிகளில் அமைகிறது. ஒரு நாட்கூலியின் உயிரை மட்டும் நாம் இழப்பீட்டுத் தொகையால் அளந்து முடித்துவிடுகிறோம். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர் என்று நாம் அறிக்கையிடும் மனிதர், மருந்து அறைக்குள் நுழைந்ததும் வேறொருவராகி விடுவதில்லை.

இந்த வரலாறு தும்பாவோடு முடியவும் இல்லை. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் கலம் இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டும். அதனால் எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து நேரே தெற்கு நோக்கிச் செல்லலாம். மூன்று திட எரிபொருள் அடுக்குகள் கொண்ட எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ஏவுகலத்திற்கு இச்சிக்கனம் மிகத் தேவை. இத்தளத்திற்காக 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டுள்ளது. அதனருகேதான் புனித சவேரியார் காலடி பதித்த மணப்பாடும், நம் மீனவர் வாழும் பிற கடலோர ஊர்களும் உள்ளன. ஏவும் நாள்களில் கடலுக்குச் செல்லத் தடை வரும். அந்நாளின் வருவாய்க்கு என்ன வழி, பிள்ளைகளுக்கு அத்தளத்தில் என்ன வேலை என்னும் கேள்விகளை அம்மக்கள் கேட்டால், அதை வளர்ச்சிக்கு எதிர்ப்பு என்று ஒதுக்குவது நேர்மையாகாது. 1962இல் பள்ளித்துறை மக்களுக்கு எதிரே நின்று கேட்கும் பண்பு இருந்தது. இன்று அது குறைந்துவிடலாகாது.

மாந்தர் விண்ணை அளப்பதைத் திருச்சபை இன்று அச்சத்தோடு பார்ப்பதில்லை. 1969 ஜூலை 20 அன்று மனிதர் நிலவில் இறங்கிய இரவில், திருத்தந்தை ஆறாம் பவுல் காஸ்தல் கந்தோல்போ வானாய்வுக் கூடத்திலிருந்து நிலவை நோக்கி, விண்வெளி வீரர்களை வாழ்த்தினார். நாமும் வாழ்த்துவோம். நம் பங்குகளில் படிக்கும் பிள்ளைகளை மகேந்திரகிரியையும் தும்பாவையும் காண அழைத்துச் செல்வோம். வேதியியல் படித்து வெளியேறும் நம் இளைஞர், பட்டாசு அறையில் மனிதக் கைக்குப் பதிலாக நிற்கத்தக்க எளிய இயந்திரம் ஒன்றை உருவாக்க முன்வந்தால், அது நிலவுப் பயணத்திற்குக் குறைந்த சாதனை ஆகாது. ஆலை உரிமையாளராகவும் மேற்பார்வையாளராகவும் உள்ள நம்மவர், ஓர் அறைக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓர் ஆளையும் அனுமதிப்பதில்லை என்று இந்தத் தீபாவளிக்கு முன்பே உறுதி கொள்ளட்டும்.